பைலட் கண்ணால கண்டா முடிஞ்சுதா? அலாஸ்கா 1986ல இருந்து எங்கட திருகோணமலைக் கடற்கரை வரைக்கும் ஒரு சண்டை

நிலாவெளிக்காற்று

பைலட்மார் வானத்தில என்னெண்டு விளங்காத சாமான், அதுதான் யூ.எஃப்.ஓ, கண்டதெண்டு சொன்னா நம்பலாமா? கன நாளா கேக்கோணும் எண்டு இருந்த விசயம், இண்டைக்கு எழுதுறன், சண்டை பிடிக்கிறவங்க பிடிக்கலாம்.

1986 நவம்பர் 17. ஜப்பான் எயார்லைன்ஸ்ட சரக்கு ஃப்ளைட் 1628, போயிங் 747, பாரிசில வைன் ஏத்திக்கொண்டு ஐஸ்லாந்துல இறங்கி ஏறி அலாஸ்காவில இருக்கிற ஆங்கரேஜுக்கு வருது. பின்னேரம் அஞ்சு மணி தாண்டிட்டுது, 35,000 அடி உயரம். கப்டன் கெஞ்சு டெராவுச்சி முந்தி ஃபைட்டர் ஓட்டினவர், 29 வருச அனுபவம். இடப்பக்கம் கொஞ்சம் கீழ ரெண்டு வெளிச்சம் கூடவே வருது, பிறகு டக்கெண்டு விமானத்துக்கு முன்னால வந்து நிக்குது, முகத்தில சூடு அடிச்சது எண்டு கூட மனுசன் சொல்லியிருக்கார். கடைசியில ஒரு பெரிய உருவம், விமானந்தாங்கிக் கப்பலைப் போல ரெண்டு மடங்கு எண்டு சொன்னவர். ஆங்கரேஜ் கொன்ட்ரோலோட கதைச்சுக் கதைச்சு உயரத்தைக் குறைச்சு ஒரு முழு வட்டமும் அடிச்சுப் பார்த்தாங்க, அது போகேல்ல. அரை மணித்தியாலத்துக்கு மேல இந்தக் கூத்து.

கொக்பிட்டுக்குள்ள மூண்டு பேர், கீழ ராடர், கதைச்சதெல்லாம் டேப்புல கிடக்கு. எங்கட பிள்ளை குட்டியளோட இவங்களை நம்பித்தானே ஏறி இருக்கிறம், அப்ப இந்த ஒரு விசயத்தில மட்டும் அவங்கட கண்ணை ஏன் நம்பக்கூடாது?

ஸ்காபரோ_திருமலையான்

அண்ணை பாதிக் கதையைத்தான் போட்டிருக்கிறீங்க. அந்தப் பெரிய உருவத்தை வடிவாக் கண்டது கப்டன் மட்டும்தான். மற்ற ரெண்டு பேரும் வெளிச்சம் கண்டது உண்மை, கப்பல் சைசில ஒரு சாமான் எண்டு அவங்க சொல்லேல்ல. கொன்ட்ரோல்காரர் அந்தப் பக்கத்தால வந்த யுனைட்டட் ஃப்ளைட் ஒண்டைக் கூப்பிட்டு ஒருக்கா பாருங்கோ எண்டு கேட்டவங்க, அவங்களுக்கு ஜப்பான் விமானம் தெரிஞ்சுது, பக்கத்தில ஒண்டும் இல்ல. மிலிட்டரி சி-130 ஒண்டும் பார்த்திட்டு ஒண்டையும் காணேல்ல எண்டுட்டுது. அமெரிக்காட சிவில் விமானத் துறை, எஃப்.ஏ.ஏ எண்டு சொல்றது, விசாரிச்சு 1987 மார்ச்சில எங்களால உறுதிப்படுத்த ஏலாது எண்டு கையை விரிச்சிட்டாங்க.

இன்னுமொண்டு இருக்கு, இதை ஏன் ஒருத்தரும் எழுதுறதில்லையோ தெரியாது. அதே டெராவுச்சி 1987 ஜனவரியில திரும்பவும் அலாஸ்காவுக்கு மேல வெளிச்சம் கண்டதெண்டு சொன்னவர். அது கீழ கிராமத்து லைட் பனித்துகள்ல பட்டுத் தெரிஞ்சது எண்டு முடிஞ்சுது. ரெண்டு மாசத்துக்குள்ள ரெண்டு தரம், அதுவும் அதே ஆளுக்கு. அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல.

நிலாவெளிக்காற்று

தம்பி யுனைட்டட் கிட்ட வந்து சேரேக்க அந்த வெளிச்சம் போயிட்டுது எண்டு டெராவுச்சியே சொல்றார், போன பிறகு பார்த்திட்டு இல்ல எண்டா அது சாட்சியா? அடுத்தது, வியாழனையும் செவ்வாயையும் பார்த்துத்தான் பயந்தவர் எண்டு ஃபிலிப் கிளாஸ் எண்ட விமானப் பத்திரிகையாளர் அறிக்கை விட்டார், எப்ப விட்டார்? 1987 ஜனவரியில. எஃப்.ஏ.ஏ விசாரணை முடியவே இல்ல அப்ப. தீர்ப்பை எழுதி வைச்சிட்டு வழக்கை விசாரிக்கிற ஆக்களை எங்கட ஊரில நாங்க கன பேரைப் பார்த்திருக்கிறம்.

அந்த மனுசனுக்கு என்ன கிடைச்சது எண்டும் சொல்லுங்கோவன். பேப்பர்காரரோட கதைச்சதுக்காக பறக்கிறதில இருந்து எடுத்து மேசை வேலையில போட்டாங்க, பிறகு வருசக்கணக்கா இருந்துதான் திரும்பப் பறக்க விட்டது. பொய் சொல்லி லாபம் பார்க்க நினைக்கிறவன் இப்பிடி ஒரு பொய்யா சொல்லுவான்?

அலஸ்தோட்டம்_ரீச்சர்

பொய் சொன்னார் எண்டு இங்க ஆரும் சொல்லேல்லையே தம்பி. பொய் சொல்லாத ஆளும் பிழையாப் பார்க்கலாம், அதுதான் விசயம். நான் பௌதிகவியல் படிப்பிச்ச ஆள், அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

1948 ஜூலை 24 விடியப்பறம் ரெண்டே முக்கால், அமெரிக்காவில அலபாமாவுக்கு மேல ஈஸ்டர்ன் எயார்லைன்ஸ்ட டிசி-3. கப்டன் கிளாரன்ஸ் சைல்ஸ், கோ-பைலட் ஜோன் விட்டட், ரெண்டு பேரும் யுத்த காலத்தில பறந்தவங்க. செட்டை இல்லாத சுருட்டு மாதிரி ஒண்டு, ரெண்டு வரிசை யன்னல், உள்ளுக்கு வெளிச்சம், பின்னால நெருப்பு, விமானத்துக்குப் பக்கத்தால பாய்ஞ்சு போச்சுது எண்டு படமும் கீறிக் குடுத்தவங்க. ஒதுங்குறதுக்கு விமானத்தைத் திருப்பினதாயும் சொன்னாங்க. அந்த நேரம் முழிச்சிருந்த ஒரே ஒரு பிரயாணி என்ன சொன்னவர் தெரியுமா? ஒரு வெளிச்சக் கோடு போச்சுது, அவ்வளவுதான். யன்னலும் இல்ல சுருட்டும் இல்ல.

இதை அப்பிடியே வைச்சிட்டு இருபது வருசம் தள்ளி வாங்கோ. 1968 மார்ச் 3, சோவியத்காரரிண்ட சொண்ட்-4 விண்கலத்தை ஏவினதோட சேர்ந்த துண்டுகள் வளிமண்டலத்துக்குள்ள வந்து எரிஞ்சு அமெரிக்காவில கன மாநிலங்களுக்கு மேலால போச்சுது. இந்தத் தரம் அது என்ன எண்டு எங்களுக்குத் தெரியும். ஆனா பார்த்த சனத்தில சில பேர் எழுதிக் குடுத்தது என்ன? நீளமா சுருட்டு மாதிரி ஒரு கப்பல், வரிசையா யன்னல், யன்னலுக்குள்ள வெளிச்சம். மரத்து உயரத்தில போச்சுது எண்டும் ஆக்கள் சொன்னாங்க, அது உண்மையில கன கிலோமீட்டர் உயரத்தில போனது. ஒரு நேர்கோட்டில அஞ்சாறு நெருப்புத் துண்டு போனா இருட்டில கண் அதுகளைத் தனித்தனியா விட்டுவைக்காது, நடுவில இருக்கிற கறுப்பையும் சேர்த்து ஒரு உடம்பு கட்டிப்போடும். அந்த உடம்பை நாங்க "கண்டதாவே" ஞாபகம் வைச்சிருப்பம். சைல்சும் விட்டட்டும் கண்டது ஒரு பெரிய எரிகல் எண்டுதான் பிறகு கன பேர் முடிவு பண்ணினது, எனக்கும் அதுதான் படுது.

பைலட்டுக்கு இதுல இன்னும் ஒரு கஷ்டம் இருக்கு. அவருக்கு முப்பது வருசமாப் பழக்கினது, வெளிச்சம் கண்டா அது இன்னொரு விமானம், என்னோட மோதுமா எண்டு முதல்ல யோசி எண்டு. நல்ல பழக்கம், அதாலதான் நாங்க உயிரோட வந்து இறங்குறம். ஆனா அந்தப் பழக்கத்தோட ஒரு எரிகல்லைப் பார்த்தா அது 50 மைல் தள்ளி இருந்தாலும் மூக்குக்கு முன்னால இருக்கிற மாதிரித்தான் இருக்கும்.

உப்புவெளி_ராவணேஸ்வரன்

எல்லாரும் அமெரிக்கா ஜப்பான் எண்டு கதைக்கிறீங்க. கோணேசர் மலையில இராவணன் வெட்டுல போய் நிண்டு யோசிங்கோ. புஷ்பக விமானம் பறந்த நாடு இது. 2020ல எங்கட அரசாங்கமே இராவணன்ட விமானம் பற்றி ஆதாரம் இருந்தா தாங்கோ எண்டு பேப்பரில விளம்பரம் போட்டது, 2019ல முதல் சட்டலைட்டுக்கு இராவணா-1 எண்டு பேர் வைச்சது. அப்ப அந்த விமானம் எல்லாம் எங்க போச்சுது எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. அதுதான் இப்ப பைலட்மார் காணுறது.

ஸ்காபரோ_திருமலையான்

தொடங்கிட்டார்.

கிண்ணியாப்_பொடியன்

ராவணேஸ்வரன் நானா, அந்த விளம்பரத்துக்கு ஆரும் ஆதாரம் குடுத்தாங்களா இல்லையா அதைச் சொல்லுங்களேன் 😄

நான் ஒன்டு சொல்றன், எங்கட வாப்பா ஆழ்கடல் போட்டுல போறவர், கரையை விட்டு நல்லா வெளிய போனா வானத்துல என்னென்னமோ தெரியும் என்டு சின்னதுல இருந்தே கேட்டு வளர்ந்த ஆள் நான். வடக்குப் பக்கம் கடலுக்குள்ள இருந்து ஒரு நெருப்பு எழும்பும், மேல போகும், கொஞ்ச நேரத்துல வளைஞ்சு கிழக்கால போகும், பொறகு வெள்ளையா புகை விரிஞ்சு மீன் வால் மாதிரி நிக்கும். முதத்தரம் பார்க்கிறவன் கலிமா சொல்லிருவான். அது ஸ்ரீஹரிகோட்டாவுல இரிந்து இந்தியாக்காரன் விடுற ரொக்கெட். வளைஞ்சு போறது ஏன் என்டு எனக்கு இப்பவும் விளங்கல்ல, ஆராவது சொல்லுங்க.

பழைய_டவர்

தம்பி அதுக்கு பதில் நாங்கதான். துருவச் சுற்றுப்பாதைக்கு விடுற ரொக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவில இருந்து நேரா தெற்க போனா இலங்கைக்கு மேலால போகோணும், கழண்டு விழுற துண்டுகள் எங்கட தலையில விழலாம். அதால முதல்ல தென்கிழக்கால போய் தீவைச் சுத்தி விலகிப் பிறகு தெற்குப் பக்கம் திருப்புவாங்க. பிஎஸ்எல்வி எல்லாம் அப்பிடித்தான். திருப்புறதுக்கு எரிபொருள் செலவு, அதால கொண்டு போற பாரம் குறையுது. சின்ன ரொக்கெட்டுக்கு அது கட்டாது எண்டுதான் தூத்துக்குடிப் பக்கம் குலசேகரப்பட்டினத்தில புது ஏவுதளம் கட்டுறாங்க, 2024 பெப்ரவரி 28ல அடிக்கல் வைச்சது.

இதுக்கெல்லாம் முன்கூட்டியே வான்வழி எச்சரிக்கை வரும், இத்தனை மணியில இருந்து இத்தனை மணிக்கு இந்தப் பகுதிக்குள்ள போகாத எண்டு. பைலட் பறக்கிறதுக்கு முதல் வாசிக்கிற கடதாசிகள்ல அதுவும் ஒண்டு. வாசிச்சும் மறந்தவன், வேற பகுதிக்குரியது எண்டு விட்டவன், அவன்தான் பிறகு ரேடியோவில அது என்ன எண்டு கேக்கிறது.

ராடர் கதைக்கும் வாறன், ஏனெண்டா நான் டவரில கொன்ட்ரோல் வேலை பார்த்த ஆள், மேல அண்ணை "கீழ ராடர்" எண்டு எழுதினதை வாசிக்கேக்க சும்மா இருக்க ஏலேல்ல. கொன்ட்ரோல்காரனுக்கு ரெண்டு வகை ராடர். ஒண்டு அலையை அனுப்பி விமானத்தின்ட உடம்பில பட்டு திரும்பி வாறதைப் பார்க்கிறது. மற்றது விமானத்தில இருக்கிற ட்ரான்ஸ்பொண்டர் பெட்டியைக் கேள்வி கேட்டு அது சொல்ற பதிலைக் காட்டுறது. ரெண்டும் திரையில ஒரே இடத்தில விழோணும். கொஞ்சம் விலகினா ஒரு விமானத்துக்குப் பக்கத்தில இன்னொரு புள்ளி நிக்கும், ஆவி மாதிரி. 1628 விசயத்தில எஃப்.ஏ.ஏ கடைசியில சொன்னது அதைத்தான், பக்கத்தில தெரிஞ்சது அந்த விமானத்தின்ட பிரிஞ்ச பிம்பம் எண்டு. விமானத்துக்குள்ள இருந்த ராடரிலயும் ஏழெட்டு மைல் தள்ளி ஒண்டு தெரிஞ்சதெண்டு கப்டன் சொன்னவர், ஆனா அது பச்சை நிறத்தில. அந்த ராடர் மழை முகிலைத் தேடச் செஞ்ச சாமான், பலமா திருப்பி அடிக்கிறதை சிவப்பாக் காட்டும். அவ்வளவு பெரிய இரும்பு எண்டா பச்சையில நிக்குமா எண்டு நீங்களே யோசிங்கோ.

ஆனா ஸ்காபரோத் தம்பிக்கும் ஒண்டு. பிரிஞ்ச பிம்பம் எண்டது ராடருக்கு மட்டும்தான் பதில். மூண்டு பேர் கண்ணால கண்ட ரெண்டு வெளிச்சத்துக்கு அது பதில் இல்ல. எஃப்.ஏ.ஏ அதுக்குள்ள போகவே இல்ல.

நிலாவெளிக்காற்று

ஐயா நன்றி, கடைசிப் பந்தியைத்தான் நான் கத்திக்கொண்டிருக்கிறன்.

சரி ரீச்சர், உங்கட கதைக்கு வாறன். கண் உடம்பு கட்டிப்போடும் எண்டீங்க. ஒத்துக்கொண்டாலும், பைலட்மார் கண்டு சொன்னதை படிச்ச ஆக்கள் வருசக்கணக்கா சிரிச்சுத் தள்ளி பிறகு அது உண்மையாப் போன கதை ஒண்டு இருக்கு, நீங்க படிப்பிச்ச ஆள், கட்டாயம் தெரிஞ்சிருக்கும். இடிமுகிலுக்கு மேல, கீழ்ப்பக்கம் இல்ல மேல்ப்பக்கம், சிவப்பா வெளிச்சம் அடிக்குது எண்டு பைலட்மார் பல பத்து வருசமா சொல்லிக்கொண்டு வந்தவங்க. இப்பிடி ஒண்டு நடக்கலாம் எண்டு வில்சன் எண்ட விஞ்ஞானி 1920கள்லயே கணக்குப் பார்த்துச் சொன்னவர், அப்பயும் ஒருத்தரும் கணக்கெடுக்கேல்ல. 1989 ஜூலை 6, மினசோட்டா பல்கலைக்கழக ஆக்கள் ரொக்கெட்டில வைக்கிறதுக்கு ஒரு கமராவை சோதிச்சுக்கொண்டிருக்கேக்க தற்செயலா அதுல விழுந்திட்டுது. இப்ப அதுக்கு ஸ்ப்ரைட் எண்டு பேர், 50ல இருந்து 90 கிலோமீட்டர் உயரத்தில வாற மின்னல், புத்தகத்தில எல்லாம் வந்திட்டுது.

அப்ப அந்தப் பைலட்மாருக்கு என்ன சொல்லப் போறீங்க? உங்கட கண் பிழை எண்டா?

அலஸ்தோட்டம்_ரீச்சர்

நல்ல உதாரணம், இது வரும் எண்டு பார்த்துக்கொண்டுதான் இருந்தனான்.

ஆனா வடிவாப் பாருங்கோ, அவங்க என்ன சொன்னவங்க? முகிலுக்கு மேல வெளிச்சம் அடிச்சுது. அவ்வளவுதான். நிறம், இடம், நேரம். அதுக்குள்ள ஆர் இருந்தது, எவ்வளவு பெருசு, எங்களைத் துரத்தினதா எண்டு ஒண்டும் சேர்க்கேல்ல. அதாலதான் பிறகு கமராவோட ஒத்துப்போச்சுது. டெராவுச்சியும் "ரெண்டு வெளிச்சம், இந்தத் திசை, இந்த நேரம்" எண்டு நிப்பாட்டியிருந்தா ஒரு வானியல்காரர் அரை மணித்தியாலத்தில கணக்குப் பார்த்திருப்பார். பெரிய கப்பல் எண்டதோட அந்தக் கணக்கு கலைஞ்சு போச்சுது. மற்றது, ஸ்ப்ரைட்டை ஏத்துக்கொண்டது பைலட்மார் சொன்னதாலயா? படம் கிடைச்சதாலயா?

நிலாவெளிக்காற்று

படம் கிடைக்கிற வரைக்கும் அவங்க சொன்னது பொய் எண்டு ஆகிடுமா ரீச்சர்? 1989 ஜூலை 5ம் திகதி அது பொய், 6ம் திகதி உண்மையா?

ஸ்காபரோ_திருமலையான்

5ம் திகதி அது தெரியாத விசயம். தெரியாது எண்டு சொல்ல ஏன் இவ்வளவு கஷ்டப்படுறீங்க எல்லாரும்.

பைலட்டின்ட கண் எப்பிடி எண்டு நான் ஒரு கதை சொல்றன், நான் இருக்கிற கனடாக் கதைதான். 2011 ஜனவரி 14, எயார் கனடா போயிங் 767, ரொறன்ரோவில இருந்து சூரிச்சுக்கு அட்லாண்டிக்குக்கு மேல இரவில போகுது. கோ-பைலட் கொஞ்ச நேரம் படுக்க அனுமதி எடுத்துப் படுத்தவர், அனுமதிச்சதைப் போல கூட நேரம் நித்திரை கொண்டு எழும்பினவர். எதிரால அமெரிக்க மிலிட்டரி விமானம் ஒண்டு 1000 அடி கீழ வருது, கப்டன் அதைச் சொல்றார். இவர் முதல்ல வெள்ளிக் கிரகத்தைப் பார்த்து அதுதான் விமானம் எண்டு நினைச்சார், பிறகு உண்மையான விமானத்தைப் பார்த்து மேல இருந்து எங்கட மேல இறங்குது எண்டு நினைச்சு விமானத்தின்ட மூக்கைக் கீழ அழுத்திட்டார். பெல்ட் போடாத ஆக்கள் எல்லாம் கூரையில. 16 பேருக்கு காயம். கனடாட விசாரணை றிப்போட்டில பச்சையாக் கிடக்கு. பயிற்சி எடுத்த ஆள், நல்ல கண், இருந்தும் விடிவெள்ளிக்குப் பயந்தது நடந்தது.

கிண்ணியாப்_பொடியன்

அல்லாஹ்வே. இனி நான் கொழும்பு டுபாய் ஃப்ளைட்டுல பெல்ட்டைக் கழட்டவே மாட்டன்.

பழைய_டவர்

அது நித்திரைக் கதை, யூ.எஃப்.ஓ கதை இல்ல. ஆழ்ந்த நித்திரையில இருந்து எழும்பின உடனே எந்த மனுசனும் அப்பிடித்தான். அதை வைச்சு எல்லாப் பைலட்டையும் குத்த வேண்டாம் தம்பி.

பைலட்டின்ட கண்ணால இந்தத் தீவு தப்பின கதை ஒண்டும் இருக்கே. 1942 ஏப்ரல் 4, கொக்கலவில இருந்து கிளம்பின கட்டலினா கடல் விமானம், கனடாக்காரர் லெனார்ட் பேர்ச்சல் ஓட்டினது. தெற்கால கடலுக்குள்ள தூரத்தில புள்ளி புள்ளியாத் தெரிஞ்சதைப் பார்த்து என்ன எண்டு கிட்டப் போய்ப் பார்த்தவர், ஜப்பான்காரன்ட கப்பல் படை. சுட்டு விழுத்துறதுக்கு முதல் ரேடியோவில அனுப்பிட்டார். மற்ற நாள் கொழும்புக்கு அடி விழுந்துது, 9ம் திகதி திருகோணமலைக்கு. எங்கட பெருசுகள் சீனன்குடா எரிஞ்சதைக் கதை கதையாச் சொல்லுவாங்க. அதுக்கு முதல் நாளும் ஒரு கட்டலினாதான் கப்பலுகளைக் கண்டு சொல்லி, துறைமுகத்தில இருந்த கப்பல்களை வெளிய அனுப்பினது. அண்டைக்கு ஒருத்தன் அது முகில் நிழலா இருக்கும் எண்டு சொல்லியிருந்தா?

அலஸ்தோட்டம்_ரீச்சர்

ஐயா அந்தக் கதையில எனக்கும் பெருமைதான், ஆனா அது எங்கட விவாதத்துக்கு மற்றப் பக்கமாத்தான் உதவுது. பேர்ச்சல் கண்டது கப்பல். கப்பல் எப்பிடி இருக்கும் எண்டு அவருக்குத் தெரியும், தேடித்தான் போனவர், சந்தேகம் வந்த உடனே கிட்டப் போய்ப் பார்த்தார். தெரிஞ்ச சாமானை அடையாளம் காணுறதில பைலட்மாரை அடிக்க ஆள் இல்ல. தெரியாத சாமானை, கிட்டப் போக ஏலாத இடத்தில, பத்து செக்கனில பார்க்கேக்கதான் பிரச்சினை. யூ.எஃப்.ஓ றிப்போட்டுகளை விசாரிச்ச அமெரிக்க விமானப்படைட ப்ளூ புக் திட்டத்தில ஆலோசகரா இருந்த ஹைனெக், அவர் வானியல்காரர், பிறகு இதை ஒழுங்கா ஆராயோணும் எண்டு அந்தப் பக்கமே போன ஆள், அவரே கணக்கெடுத்துப் பார்த்திட்டு பைலட்மார் ஒப்பீட்டளவில நல்ல சாட்சி இல்ல எண்டுதான் எழுதினவர்.

நிலாவெளிக்காற்று

ஹைனெக்கை எடுத்தா முழுசா எடுங்கோ. அந்தத் திட்டத்தில 12,618 றிப்போட், 1969ல கடையைப் பூட்டேக்க 701க்கு விளக்கமே இல்ல. அப்பிடி விளக்கம் இல்லாததுகளைப் பார்த்துத்தான் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த மனுசன் மாறினது.

கிட்டப் போக ஏலாது, பத்து செக்கன் எண்டீங்க. சரி பத்து செக்கன் இல்லாத ஒண்டு தாறன். 2007 ஏப்ரல் 23, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில சனல் தீவுகள். ரே போயர் எண்ட கப்டன் சின்ன விமானத்தில சௌதாம்டன்ல இருந்து ஆல்டர்னிக்கு வாறார், பகல் வெளிச்சம், மஞ்சள் நிறத்தில பளிச்செண்டு ஒண்டு, பிறகு அதே மாதிரி ரெண்டாவது. நிமிசக்கணக்கா பார்த்திருக்கார், பைனாகுலராலயும் பார்த்திருக்கார், பின்னுக்கு இருந்த பிரயாணிகளும் கண்டாங்க, வேற கொம்பனி விமானத்தில வந்த பைலட்டும் ஒண்டைக் கண்டவர். பிறகு ஆராய்ச்சிக்காரர் சில பேர் சேர்ந்து ஆராய்ஞ்சு பார்த்திட்டு இதுதான் எண்டு அடிச்சுச் சொல்ல முடியாமத்தான் விட்டாங்க. வெள்ளிக் கிரகமா இது? நித்திரையா?

ஸ்காபரோ_திருமலையான்

அது எனக்கும் தெரியாது. பாருங்கோ, சொல்லிட்டன், வானம் இடிஞ்சு விழேல்ல.

ஆனா அண்ணை அதுக்குப் பிறகு வந்த எத்தினை கதை எப்பிடி முடிஞ்சுது எண்டும் பார்க்கோணும். 2018 நவம்பர் 9 அயர்லாந்துக்குத் தென்மேற்கால பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் பைலட் ஷனன் கொன்ட்ரோலைக் கூப்பிட்டு இங்க மிலிட்டரி பயிற்சி ஏதும் நடக்குதா எண்டு கேட்டது, வேற விமானத்துக்காரரும் கண்டது, உலகமெல்லாம் ஓடின செய்தி. எரிகல்லாத்தான் இருக்கும் எண்டு வானியல்காரர் சொன்னாங்க, ஒரே பாதையில பல துண்டு எண்டு அதைக் கண்ட இன்னொரு பைலட்டே ரேடியோவில சொல்லியிருந்தவர். 2019 மேயில ஸ்டார்லிங்க் எண்ட இன்டர்நெட் சட்டலைட்டுகளைக் கூட்டமா ஏவத் தொடங்கினதுக்குப் பிறகு கேக்கவே தேவையில்ல. 2022 ஓகஸ்ட் 10 பசிபிக்குக்கு மேல ரெண்டு விமானத்தில போன பைலட்மார் போனில படம் எடுத்தாங்க, விளங்காத சாமான் எண்டு. பிறகு ஆக்கள் இருந்து நேரம், விமானத்தின்ட இடம், சட்டலைட் பாதை எல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தா அண்டைக்குத்தான் ஏவின ஸ்டார்லிங்க். சூரியன் அடிவானத்துக்குக் கீழ நல்லா இறங்கின பிறகும் சட்டலைட்டில வெயில் பட்டு கண்ணாடி அடிச்ச மாதிரி ஒண்டு மாறி ஒண்டு மினுங்கும், ஒரே இடத்தில திரும்பத் திரும்ப வட்டம் அடிக்கிற மாதிரி இருக்கும். கணக்குப் போட முடிஞ்சது ஏன்? படம் இருந்தது, நேரம் இருந்தது.

உப்புவெளி_ராவணேஸ்வரன்

இந்தியாவில இம்பால் எயார்போர்ட்டையே மூடினாங்களே. 2023 நவம்பர் 19. ரஃபால் ஜெட் அனுப்பித் தேடினாங்க. சும்மாவா அனுப்புவாங்க? ஏன் ஒருத்தரும் பதில் சொல்லேல்ல?

பழைய_டவர்

அனுப்பினதும் சரிதான், மூடினதும் சரிதான், தேடி ஒண்டும் கிடைக்கேல்ல எண்டதும் சரி. ஓடுபாதைக்கு மேல என்னெண்டு தெரியாத சாமான் ஒண்டு நிண்டா, அது ட்ரோனா பலூனா எண்டு யோசிச்சுக்கொண்டு விமானத்தை இறக்க ஏலுமா? நானா இருந்தாலும் மூடித்தான் இருப்பன். மூடினதால அது வேற்றுக்கிரகம் எண்டு ஆகாது. பேப்பர்காரருக்கு இது எப்பயும் விளங்குறதில்ல.

கிண்ணியாப்_பொடியன்

நம்மட ஊருல யுத்த காலத்துல ராவைக்கு வானத்துல வெளிச்சம் கண்டா ஆரும் யூ.எஃப்.ஓ என்டு சொல்லல்ல. பரசூட்டுல இறங்குற பரா லைட்டா, ஹெலியா, வண்டு என்டு சொல்ற உளவு விமானமா என்டு சின்னப் புள்ளையும் சத்தத்தை வெச்சே சொல்லும். 2008 ஓகஸ்ட்டுல திருகோணமலை நேவி டக்யார்ட்டுக்கு மேல புலிகளின்ட விமானம் வந்து குண்டு போட்ட ராவு, வானம் முழுக்க சூட்டு வெளிச்சம், உம்மா எங்களை எல்லாம் மேசைக்குக் கீழ இழுத்துப் போட்டுட்டா. வெளிச்சத்தைப் பார்த்து ஆச்சரியப்படுறதுக்கும் ஒரு நிம்மதி வேணும் போல இரிக்கி.

அலஸ்தோட்டம்_ரீச்சர்

அது உண்மை மகன்.

நிலாவெளிக்காற்று

சரி எல்லாரும் கேளுங்கோ. படம் இருந்தா நல்லம், நேரம் இருந்தா நல்லம், எல்லாம் சரி. அதைக் குடுக்க வேண்டியவன் வாயைத் திறக்கோணுமே! டெராவுச்சியை மேசையில போட்டதைப் பார்த்தவன் எவன் அடுத்ததா றிப்போட் எழுதுவான்? அமெரிக்காவில கொன்ட்ரோல்காரரிண்ட கைநூலில கன காலம் எழுதியிருந்தது, இப்பிடிக் கண்டா யூ.எஃப்.ஓ சேர்க்கிற தனியார் அமைப்புக்குச் சொல்லு, உயிருக்கு ஆபத்து எண்டா பொலிசுக்குச் சொல்லு எண்டு. பொலிசுக்கு! 35,000 அடியில!

பிரான்சில விண்வெளி நிறுவனத்துக்குள்ளயே 1977ல இருந்து இதுக்கெண்டு ஒரு பிரிவு இருக்கு, விசாரிச்சதை வெளிய போடுறாங்க. சிலியில சிவில் விமானத் துறைக்குக் கீழயே இருக்கு. அங்க பைலட்டுக்கு வேலை போகும் எண்ட பயம் குறைவு. 2023ல நாசா வைச்ச 16 பேர் குழுவும் அதைத்தான் சொன்னது, பேர் வெளிய வராம பைலட்மார் தவறுகளை எழுதிக் குடுக்கிற ஏற்பாடு ஒண்டு ஏற்கனவே நாசாவிட்ட இருக்கு, வருசம் ஒரு லட்சம் அளவில வருது, அதுக்குள்ள இதையும் சேருங்கோ எண்டு. நான் வேற்றுக்கிரகம் எண்டு ஒரு வசனம் எழுதினனா இங்க? மேல போய்ப் பாருங்கோ. சொல்ல விடுங்கோ எண்டுதான் சொல்றன்.

ஸ்காபரோ_திருமலையான்

முதல் பதிவில "அவங்கட கண்ணை ஏன் நம்பக்கூடாது" எண்டுதானே கேட்டீங்க. இப்ப "சொல்ல விடுங்கோ" எண்டு வந்து நிக்கிறீங்க. ரெண்டும் ஒண்டில்ல அண்ணை. ரெண்டாவதுக்கு நான் எப்ப எதிர்ப்பு சொன்னன்?

நிலாவெளிக்காற்று

நம்பாதவன்ட முன்னால ஆர் தம்பி வாய் திறப்பான்? ரெண்டும் ஒண்டுதான்.

அலஸ்தோட்டம்_ரீச்சர்

இல்லத் தம்பி. டொக்டர் நோயாளி சொல்றதை எல்லாம் எழுதி எடுப்பார், அதுக்காக நோயாளி சொல்ற வருத்தத்துக்கே மருந்து குடுக்க மாட்டார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில இதுக்கெண்டு இருக்கிற அலுவலகம் 2024 நவம்பரில வெளியிட்ட அறிக்கையில பதிமூண்டு மாசத்துக்குள்ள வந்து சேர்ந்தது 757 றிப்போட் எண்டு இருக்கு. அதுல மேலும் ஆராயத் தகுதியானது எண்டு ஒதுக்கினது 21. மிச்சத்தில கன அளவு பலூன், பறவை, ட்ரோன், சட்டலைட் எண்டு போச்சுது, இன்னும் கன அளவு தகவல் போதாது எண்டு பெட்டியில போச்சுது. எனக்கு அந்த 21ஐ விட தகவல் போதாது எண்டு மூடினதுகள்தான் கவலை. அங்கதான் நல்ல சாமான் இருந்தாலும் தெரியாமப் போகும்.

பழைய_டவர்

இதை வாசிச்சுக்கொண்டிருந்த என்ட மகளின்ட மகள் கேக்கிறா, அவ பைலட் படிக்கப் போறா, அப்பப்பா நான் இப்பிடி ஒண்டைக் கண்டா என்ன செய்யோணும் எண்டு. அம்மப்பா எண்டு திருத்தினன், அது வேற. ரீச்சர், நீங்க என்ன சொல்லுவீங்க?

அலஸ்தோட்டம்_ரீச்சர்

முதல்ல விமானத்தை ஓட்டச் சொல்லுங்கோ, மற்றதெல்லாம் பிறகு. பக்கத்தில இருக்கிறவரிட்ட "அங்க கப்பல் மாதிரி ஒண்டு" எண்டு சொல்லாம "பத்து மணித் திசையில பாருங்கோ, என்ன தெரியுது" எண்டு மட்டும் கேக்கட்டும், இல்லாட்டி அவரும் கப்பலைத்தான் காணுவார். கொக்பிட் லைட்டைக் குறைச்சு தலையை ஆட்டிப் பார்க்கட்டும், கண்ணாடியில பிரதிபலிக்கிற வெளிச்சம் எண்டா அது நகரும். போனில எடுக்கிறதெண்டா யன்னல் சட்டம் படத்துக்குள்ள வரோணும், அந்தரத்தில ஒரு வெள்ளைப் புள்ளியை எடுத்து ஒருத்தருக்கும் பிரயோசனம் இல்ல. நேரம், திசை, அடிவானத்தில இருந்து எவ்வளவு உயரம். ரெண்டு பேரும் தனித்தனியா எழுதோணும், கதைச்சு ஒத்துப்போகாம. எவ்வளவு பெருசு, எவ்வளவு தூரம் எண்டு எழுதவே வேண்டாம், இருட்டில அது ஆருக்கும் தெரியாது.

நிலாவெளிக்காற்று

எல்லாம் எழுதிட்டா. கடதாசி கையில கிடக்கு. இந்த நாட்டில அதை ஆரிட்ட குடுக்கிறது ரீச்சர்?

பழைய_டவர்

டவருக்குச் சொன்னா நேரத்தோட பதிவுப் புத்தகத்தில எழுதுவாங்க, நானும் அப்பிடித்தான் எழுதினனான், ரேடியோவில கதைச்சதும் டேப்பில நிக்கும். அதுக்குப் பிறகு அந்தப் புத்தகத்தை ஆர் திறந்து பார்க்கிறது எண்டு கேட்டா, விபத்து நடந்தா மட்டும்தான் தம்பி.

கிண்ணியாப்_பொடியன்

அய்யா அந்த ரொக்கெட் எச்சரிக்கை வாற நேரம் எங்களுக்கும் இங்க ஒரு வரி போட்டுவிடுங்க. வாப்பா ராவைக்கு கடலுக்குப் போறார், உம்மாக்கு முன்னாடியே சொல்லி வைக்கலாம்.